பர்தோன் சிலுப்பவில்லை

அடி பிலோ, என் தங்கமே,

நீ இருக்கிற இடத்தில் தமிழில் எழுதினால் வாங்கிக்கொள்வார்களா, இல்லை உங்க அப்பா வேலை பார்த்த பிரெஞ்சுக்காரன் காலத்து ஆபீஸ் மாதிரி பிரெஞ்சில்தான் எழுத வேண்டுமா, தெரியவில்லை. எனக்குத் தெரிந்த பிரெஞ்சு மொத்தமே நீ உன் ஆட்டுக்கு வைத்த பேர்தான். அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். நாலு பேர் படிக்கட்டும் என்று பத்திரிகைக்கும் கொடுக்கப்போகிறேன். நீ வெட்கப்பட மாட்டாய். எப்போது பட்டிருக்கிறாய்?

உன்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பிலோமினா முத்தியால்பேட்டைக்காரி. கால்நடை மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் நடத்தினாள். நான் மங்கை, மாட்டாஸ்பத்திரி டாக்டர். இரண்டு பேரும் ஒரே வகுப்பில் படித்தோம், ஒரே மேசையில் ஒரே எருமையை அறுத்தோம். அப்புறம் அவள் செத்ததைப் பார்க்கப் போய்விட்டாள், நான் உயிரோடு இருக்கிறதைப் பார்க்க வந்துவிட்டேன். "நீ வாய்தா வாங்கிக் குடுக்கிறவ, நான் தீர்ப்பப் படிக்கிறவ" என்று என்னைக் கிண்டல் செய்வாள். இப்போது அவளுடைய தீர்ப்பையும் படித்துவிட்டார்கள். போகட்டும்.

இருதயம், ஈரல், குடல் என்று உடம்பில் எத்தனையோ கிடக்க, நீ போய் விழுந்தது காதில். மாடு, ஆடு, நாய், பூனை, குதிரை, கழுதை, எதை எடுத்தாலும் காதைச் சுற்றி எந்தத் தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதுதான் உன் உலகம். மண்டையிலிருந்து சில, பிடரியிலிருந்து சில, கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கு மேலிருந்து ஒன்று. காதுக்கும் நெற்றிக்கும் நடுவில் தோலுக்கு அடியில் கேடயம் மாதிரி ஒரு சின்னக் குருத்தெலும்பு இருக்கும். சில தசைகள் அதுவரைக்கும் வந்து நிற்கும், அங்கிருந்து வேறு தசைகள் காதுக்குப் போகும். "வில்லியனூர்ல இறங்கி பஸ் மாறுற மாதிரிடீ" என்பாய். குதிரையின் காதில் தசை எத்தனை என்று புத்தகத்துக்குப் புத்தகம் வேறு எண் போட்டிருக்கும். அதற்கும் நீ என்னிடம்தான் சண்டைக்கு வருவாய், ஏதோ நான்தான் குதிரையைப் படைத்த மாதிரி.

"எங்கிட்ட வர்ற மாடு ஒண்ணாவது காதுத் தசை வலிக்குதுன்னு வந்திருக்காடி?" என்று கேட்பேன்.

"நீ அதோட மூஞ்சியப் பாத்தாத்தானே சொல்லும்? எப்பப் பாத்தாலும் பின்பக்கமே நின்னா?" என்று திருப்பிக் கொடுப்பாய். வாய்க்கு மட்டும் உனக்குக் குறைச்சலே இல்லை.

மனிதருக்கும் அந்தத் தசைகள் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன, முக்கால்வாசிப் பேருக்கு ஆட்டத்தான் வராது என்று பாடத்தில் வந்தது. நீ அன்றைக்கே இடது காதை ஆட்டிக் காட்டினாய். உன் தம்பியின் சர்ச் கல்யாணப் பூசையில் சாமியார் உருகி உருகிப் பிரசங்கம் வைக்கும்போது, முன் வரிசையில் நின்றுகொண்டு நீ அதை ஆட்டியதும், பின்னால் நின்ற நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே ஓடியதும் ஞாபகம் இருக்கிறதா? உன்னைப் பெட்டியில் படுக்க வைத்திருந்தபோது எல்லோரும் முகத்தைப் பார்த்து அழுதார்கள். நான் அந்த இடது காதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நப்பாசைதான். ஆட்டவே இல்லையே நீ, பாவி.

சரி, பர்தோன் விஷயத்துக்கு வருகிறேன். கோபப்படாமல் கேள். முதலில் அவன் யார் என்று மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

அறுவை வகுப்புக்கென்று கல்லூரியில் வாங்கின கிடாக்களில் அவனும் ஒருத்தன். உடம்பெல்லாம் கருப்பு. அவன் முறை வந்த அன்று நீ அவன் காதடியைத் தொட்டிருக்கிறாய். அவன் ஒரு காதை முன்னாலும் இன்னொன்றைப் பின்னாலும் வைத்துக்கொண்டு உன்னை ஏற இறங்கப் பார்த்திருக்கிறான். "இவன் உயிரோட இருந்தாத்தான் பாடம்" என்று சொல்லி ஒதுக்கிக் கட்டிவிட்டாய். மன்னிப்பு வாங்கினவன் என்பதால், மன்னிப்புக்குப் பிரெஞ்சில் என்ன சொல்வார்களோ அதையே, பர்தோன் என்று பேரும் வைத்தாய்.

அதற்குப் பிறகு உன் வகுப்பே வேறு மாதிரி ஆனது. காதைச் சுற்றி முடியை மழித்துவிட்டு, சாக்பீஸ் பொடியைத் தண்ணீரில் குழைத்து அவன் தோலின் மேலேயே வரைவாய். காதை முன்னால் இழுக்கிற தசைக்குச் சிவப்பு, பின்னால் இழுக்கிறதுக்கு நீலம், மேலே தூக்குகிறதுக்கு மஞ்சள், கீழே இறக்குகிறதுக்குப் பச்சை. முன்னால் ஒரு கட்டுக் கீரையை ஆட்டினால் சிவப்பு நகரும். பின்னால் யாராவது கை தட்டினால் நீலம் நகரும். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள் என்று நீ சொல்வாய். ஒருநாள் லீவு போட்டுவிட்டு நானே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். என் வாயும் மூடவில்லை.

வகுப்பு முடிந்ததும் அவனுக்குத் தலையோடு தண்ணீர் ஊற்றுவாய். காதுக்குள்ளே போன பொடி வரைக்கும் கழுவித் துடைத்து அனுப்புவாய். ஆரம்பத்தில் அவன் சிலுப்பின சிலுப்பில் உன் வெள்ளைக் கோட்டு முழுக்கச் சாயப் புள்ளி. போகப்போகப் பழகிக்கொண்டான். தண்ணீர் விழுந்ததும் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் நிற்பான், சலூன் நாற்காலியில் உட்கார்ந்த பெரிய மனுசன் மாதிரி.

நீ காய்ச்சல் என்று படுத்தாய், எழுந்திருக்கவே இல்லை. அம்மாவை உன் தம்பி பிரான்சுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டான். உன் இடத்துக்கு வந்தவர் நல்ல மனிதர்தான், கம்ப்யூட்டரில் படம் போட்டு அழகாக நடத்துகிறார். ஆனால் அவருக்குப் பர்தோன் வகுப்புக்கு வாங்கின ஒரு கிடா, அவ்வளவுதான். இதை ஏன் இன்னும் அறுக்கவில்லை என்று கேட்டிருக்கிறார். சேதி கேட்டதும் நான் ஓடிப்போய், பதிலுக்கு வேறு கிடாவைக் கொடுத்துவிட்டு, இவனை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் ஆட்டோக்காரரின் சட்டைக் காலரை மென்றுகொண்டே வந்தான்.

நானோ மாடிப் போர்ஷன்காரி. ஆட்டை எங்கே கட்டுவது? கருவடிக்குப்பத்தில் அண்ணன் வீட்டுப் பின்பக்கம் மாட்டுக்கொட்டகை இருக்கிறது அல்லவா, அங்கே கொண்டுபோய் விட்டேன். அண்ணிக்குப் பர்தோன் வாயில் நுழையவில்லை. முதல் நாளே 'பரதன்' ஆக்கிவிட்டார். "எங்க சித்தப்பா பேரு. நல்ல பேருதான்" என்றார். எந்தப் பேரைச் சொன்னாலும் திரும்பிப் பார்க்கக் கற்றுக்கொண்டான் அவன்.

அடுத்த சில மாதத்தில் அண்ணனுக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. ஆபரேஷன் என்றார்கள். ஆஸ்பத்திரி வாசலில் அண்ணி தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு, "முனீஸ்வரா, அவர எங்கிட்ட திருப்பி அனுப்பு. உனக்கு ஒரு கருப்பு கிடா வெட்டறேன்" என்று வேண்டிக்கொண்டதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அந்த நிமிஷம் நானும் அதே சாமியைத்தான் கும்பிட்டேன், பொய் சொல்ல மாட்டேன். அண்ணன் பிழைத்து வந்தார். அண்ணியும் ஒரு கருப்புக் குட்டியை வாங்கி நேர்ந்துவிட்டு வளர்த்தார். நான் தடுப்பூசி போடுவதற்குள் அது ஆட்டுக்கொல்லி நோய் வந்து செத்துப்போனது. அதே கொட்டகையில் பர்தோன் தப்பினான், நீ அவனுக்கு ஊசி போட்டிருந்தாய்.

அண்ணி மறுநாளே என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"சாமிக்கு விட்ட கிடா செத்துப்போச்சின்னா என்னம்மா அர்த்தம்? வாங்கினது வேணாம், வீட்டுல இருக்கிறதக் குடுன்னு கேக்குது. பரதனும் கருப்புதானே?"

"அண்ணி, அது பிலோ ஆசையா வளத்த ஆடு."

"நான் இல்லன்னு சொல்லலியே. தங்கமான பொண்ணு. ஆனா அவங்க போயிட்டாங்க மங்கை. உங்க அண்ணன் இருக்காரு. அவரு இருக்கணும்."

இதற்கு நீ என்ன பதில் சொல்லியிருப்பாய்? நான் வேறு கிடா வாங்கித் தருகிறேன் என்றேன். வாங்கினதுதானே செத்தது என்றார். அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வுட்டுடும்மா, அவ மனசு அடங்கட்டும். நான் மூச்சு வுடுறேனான்னு நெஞ்சுமேல கைய வச்சிப் பாக்கறா, பாவமா இருக்குது" என்றார். நான் சரி என்று தலையாட்டிவிட்டு வந்து, வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உன்னைத் திட்டித் திட்டி அழுதேன். ஏன் செத்துப்போனாய்? நீ இருந்திருந்தால் உன் ஆட்டை நீயே வந்து கேட்டிருப்பாய் அல்லவா?

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. தெருக்கோடி வேப்பமரத்தடியில் முனீஸ்வரன் கல்லுக்கு முன்னால் பொங்கல் வைத்தார்கள். சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். பர்தோனுக்கு மாலை போட்டார்கள். போட்ட கையோடு அதை மெல்ல ஆரம்பித்தான். ஓரத்தில் ஒருத்தர் கத்தியைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு நின்றார். நான் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

உங்கள் வீட்டில் இந்த வழக்கம் கிடையாது, அதனால் சொல்கிறேன். மஞ்சள் தண்ணீரை ஆட்டின் தலையில் ஊற்றுவார்கள், காதிலும் விடுவார்கள். அது தலையைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டது, வெட்டலாம். சிலுப்பாவிட்டால் உத்தரவு இல்லை, தொடக் கூடாது. ஆனால் காதில் தண்ணீர் போனால் எந்த ஆடுதான் சிலுப்பாது? சிறு வயதிலிருந்து பார்க்கிறேன், எல்லாம் சிலுப்பியே தீரும்.

பூசாரி ஊற்றினார். பர்தோன் கண்ணை மூடிக்கொண்டான்.

இன்னொரு சொம்பு ஊற்றினார். பெண்கள் குலவையிட்டார்கள். "உத்தரவு குடு சாமி" என்று யாரோ கத்தினார்கள். பூசாரி காதைப் பிடித்து நேராக உள்ளேயே விட்டார். பிடியை விட்டதும் இடது காது மெதுவாகப் பின்னால் போனது, வலது காது முன்னால் வந்தது, அவ்வளவுதான். மழித்த இடத்தில் முடி முளைத்து எத்தனையோ நாள் ஆகிறது. ஆனாலும் அங்கே நீலமும் சிவப்பும் நகர்ந்ததை நான் பார்த்தேன் பிலோ, சத்தியமாகப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாடம் முடிந்துவிட்டது, கழுவிவிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நிற்கிறான் அவன். இத்தனை பேரும் அவனுக்கு உன் மாணவர்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வர, மறுபடியும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

ஆனால் அண்ணி மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை. "ஏதோ குத்தம் இருக்குது" என்று பின்னால் பேச்சு கிளம்பியது. அண்ணி மரத்தடிக் கல்லைப் பார்த்து, ஊருக்கே கேட்கிற குரலில், "அவர எடுத்துக்கப் போறியா?" என்று கேட்டார். அண்ணன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் பர்தோன் பிழைப்பான். ஆனால் அண்ணி அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் செத்துச் செத்துப் பிழைப்பார். உள்ளதைச் சொன்னால் அண்ணியின் பயம் போகும், பர்தோனின் தலையும் போகும். பழக்கம்தானா, அப்படியானால் கழுத்தில் ஊற்று, முதுகில் ஊற்று என்று எப்படியாவது சிலுப்ப வைத்துவிடுவார்கள். என் நெஞ்சு அடித்த அடியில் எனக்கே ஆபரேஷன் வேண்டியிருக்குமோ என்று தோன்றியது. உன்னைத்தான் கேட்டேன். நீ என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியாதா? "மென்னு முழுங்காம சொல்லித் தொலைடி" என்றுதான் சொல்லியிருப்பாய்.

அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணி, குத்தம் ஒண்ணுமில்ல. சாமி கோவிச்சிக்கல. அது பழக்கம். பிலோ வகுப்புல அதுக்குக் கலர் பூசுவா, தலையில தண்ணி ஊத்துவா, காதுல ஊத்துவா. ரொம்ப நாளா அப்படித்தான். அதான் அது சிலுப்பல. அவ்ளோதான் அண்ணி."

பூசாரியின் காது நம் பர்தோன் காது மாதிரி சட்டென்று இந்தப் பக்கம் திரும்பியது.

"என்ன கலரும்மா?"

"செவப்பு, நீலம், பச்சை, மஞ்சள்..."

"மஞ்சளா? மஞ்ச பூசி, தலையில தண்ணி ஊத்துனாங்களா?"

"ஆமாங்க, ஆனா அது வந்து பாடத்துக்காக..."

அவர் சொம்பைக் கீழே வைத்துவிட்டார். "ஏம்மா, படிச்சவங்க, இத முன்னாலயே சொல்லக் கூடாதா? இது அந்தம்மா நேர்ந்து விட்ட கிடா. ஒருத்தரு மஞ்சத்தண்ணி ஊத்தினத இன்னொரு சாமிக்கு முன்னால கொண்டாந்து நிறுத்துனா முனீஸ்வரன் எப்படி வாங்குவாரு? அவரு என்ன அடுத்தவங்க பொருளுக்கு ஆசப்படுறவரா?"

கூட்டம் 'அதானே!' என்றது. பூசாரி என்னைப் பார்த்து, "அந்தம்மா எந்தச் சாமிக்கு விட்டாங்க?" என்று கேட்டார். நான் விழித்தேன். அதற்குள் அண்ணி தலை நிமிர்ந்து, "அவங்க வேதக்காரங்க, மாதா கோயிலுக்குப் போறவங்க" என்றார்.

"அப்ப மாதாவுக்குத்தான். முனீஸ்வரனுக்கு வேற கிடா வாங்கிக் குடுங்க, ஏத்துக்குவாரு" என்று பூசாரி முடித்துவிட்டார்.

நான் வாயைத் திறந்தேன். தசை, முக நரம்பு, குருத்தெலும்பு என்று சொல்ல எவ்வளவோ இருந்தது. அண்ணியின் கன்னத்தில் நிறம் திரும்பி வருவதைப் பார்த்தேன். மூடிக்கொண்டேன். நான் உண்மையைத்தானே சொன்னேன், அவர்கள் அதை அவர்கள் வழியில் கேட்டுக்கொண்டார்கள். உனக்கு இதில் ஆட்சேபம் இருந்தால் மாதாவிடம் நேரிலேயே பேசிக்கொள்.

அடுத்த ஞாயிறு வேறு கிடா வந்தது. அது சொம்பைப் பார்த்ததுமே சிலுப்பிவிட்டது. அதற்கு நீ பாடம் எடுத்திருக்கவில்லை, பாவம். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, அதையும் உன்னிடம்தான் சொல்ல முடியும். அண்ணி அன்று இரவு அசந்து தூங்கினாராம். அண்ணன் இப்போது காலையில் கடைத்தெரு வரைக்கும் நடந்துபோய் வருகிறார்.

பர்தோனுக்கு வந்த வாழ்வைச் சொல்ல வேண்டும். கழுத்தில் கயிறு கிடையாது. குழம்புக்கு ஆய்ந்து வைத்த முருங்கைக்கீரையைத் தின்றுவிட்டுப் போனால், "மாதா ஆடு, தின்னுட்டுப் போகட்டும்" என்கிறார் அண்ணி. போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் துண்டைத் தின்றுவிட்டு வந்தான். அவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டார். உன் ஆட்டுக்கு இவ்வளவு செல்வாக்கு வருமென்று நீ நினைத்திருப்பாயா?

நேற்று கல்லறைத் திருநாள். உன்னைப் பார்க்கக் கிளம்பினேன். அண்ணி புதுப் புடவை கட்டிக்கொண்டு, "நானும் வரேன்" என்று வந்துவிட்டார். வழியில் சாமந்தி மாலை, மெழுகுவர்த்தி, ஊதுவத்தி எல்லாம் வாங்கினார். பழக்கதோஷத்தில் ஒரு தேங்காயும் வாங்கிவிட்டார். உடைக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் அண்ணி, அப்படியே வைத்துவிடுங்கள் என்றேன். உன் தலைமாட்டில் ஒரு தேங்காய் இருக்கிறதே, அது அவருடையதுதான்.

மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, கை கூப்பி நின்றார்.

"ஏம்மா பிலோமினா, நாங்க தெரியாமப் பண்ணிட்டோம், மனசுல வச்சிக்காத. உன் ஆட்ட நான் பாத்துக்கறேன். ஒரு குறையும் வராது. எங்க வீட்டுக்காரர நீ பாத்துக்க."

உயிரோடு இருந்தவரைக்கும் உன்னை 'நீங்க' என்றுதான் அண்ணி பேசுவார், படித்த பெண் என்று. நேற்று 'நீ' என்றார். சாமியைத்தான் அவர் அப்படிக் கூப்பிடுவார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை பிலோ, கல்லறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். உனக்குத் தெரிந்தது காதுதான், இருதயம் உன் டிபார்ட்மென்ட் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அண்ணி கேட்டுவிட்டார். பார்த்துக்கொள்.

என் பங்குக்கு நானும் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். பர்தோனுக்கும் ஒருநாள் வயசாகும், போவான். அன்றைக்கு நீ அங்கிருந்து கத்துவாய், எனக்குத் தெரியும்: "அடியே, அந்தக் காத எடுத்து வைடீ, அத்தன பாடம் இருக்குது அதுல!" மாட்டேன். எந்தச் சாமிக்கும் இல்லை, எந்த வகுப்புக்கும் இல்லை, உனக்கும்கூட இல்லை. இரண்டு காதோடும் அவனை முழுசாகப் புதைப்பேன். கோபம் இருந்தால் நான் வரும்போது வாயாரத் திட்டிக்கொள்.

சில மாதம் மூத்தவளுக்கெல்லாம் மரியாதையா என்று நீ கடைசிவரை அக்கா என்று கூப்பிடாத,

உன் அக்கா
மங்கை